புற்றுமண்ணும் நஞ்சுமுறி மருந்தும்

நுழையும்முன்

காயம் ஒரு நொடியில் நேர்கிறது. அதன் விளைவான நோய் சில மணி நேரத்தில் உயிரின் எல்லைவரை சென்றுவிடுகிறது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நிகழ்வு பாம்புக்கடி. மரபு மருத்துவமும் நவீன மருத்துவமும் மிக நேரடியாக எதிரெதிர் நின்ற களங்களுள் அது ஒன்று. எது எந்த நேரத்தில் உயிரைக் காக்கும் என்னும் வினாவுக்கு விடை தேடியவர்களின் வரலாறு சங்கரன்கோவிலில் தொடங்கிச் சீனம்வரை நீள்கிறது.

நாகர்களின் ஊர்

தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கில், கரிசலும் செவலும் கலந்த நிலத்தில் அமைந்த ஊர் சங்கரன்கோவில். பழைய ஆவணங்கள் இதனைச் சங்கரநயினார் கோயில் என்று குறிக்கின்றன. விசைத்தறியின் ஓசையும் பூச்சந்தையின் மணமும் நிறைந்த இவ்வூருக்கு வெளியூர்களில் பெயர் வாங்கித் தந்தது அதன் கோயிலே. சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்களுள் ஒருவர் சிவனே பெரியர் என்றும், மற்றவர் திருமாலே பெரியர் என்றும் வழக்காடினர். அவ்வழக்கைத் தீர்க்கும் பொருட்டு இறைவன் வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் காட்சி தந்தார் என்பது தலக்கதை. அக்காட்சியைக் காணக் கோமதியம்மன் தவமிருந்ததை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஆடித்தபசு விழா நிகழ்கிறது. நாகர்கள் தோண்டியதாகச் சொல்லப்படும் நாகசுனை கோயிலுக்குள்ளேயே உள்ளது.

இக்கோயிலின் அருட்பொருள் புற்றுமண். தோல் நோய் உற்றவர்கள் அதனை நீரில் குழைத்து உடலில் பூசுவர். வீட்டிலோ வயலிலோ பாம்பும் தேளும் கண்ணில் பட்டால், அவற்றின் உருவம் பொறித்த சிறு வெள்ளித் தகடுகளை வாங்கி உண்டியலில் செலுத்துவதாக நேர்ந்துகொள்வர். பாம்பைக் கண்டு அஞ்சியவர்கள் அதனை அடித்துக் கொல்வதைவிட அதற்கொரு காணிக்கை வைப்பது மேல் என்று எண்ணியிருக்கின்றனர். உயிரினங்களோடு ஒரு நிலத்தைப் பகிர்ந்து வாழ்ந்த உழவர்கள் கண்ட ஏற்பாடு அது. அதனை எள்ளுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் நேர்த்திக்கடன் கடிக்கு முன்னுள்ள அச்சத்திற்கானது. கடிபட்ட பின்னர் உடலுக்குள் நிகழ்வது வேறொரு கணக்கு.

உடலுக்குள் ஓடும் கடிகாரம்

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் வாழ்கின்றன. மனித உயிரிழப்புக்குப் பெரிதும் காரணமானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கும் மக்கள் குடியிருப்பை ஒட்டியே வாழ்பவை. தானியம் இருக்கும் இடத்திற்கு எலி வருகிறது. எலி இருக்கும் இடத்திற்குப் பாம்பு வருகிறது.

நல்லபாம்பின் நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. நரம்பிலிருந்து வரும் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் தசையின் வாயில்களை அது அடைத்துவிடுகிறது. இமை தாழ்கிறது, பேச்சு குழறுகிறது, எச்சிலை விழுங்க இயலாமற் போகிறது, இறுதியில் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்கின்றன. கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் மிகுந்திருப்பதால் கடிபட்டவர் தம் நிலையை உடனே அறிகிறார்.

கட்டுவிரியன் அப்படி அறிவித்துவிட்டுச் செல்வதில்லை. தரையில் பாய்விரித்து உறங்குபவரை நள்ளிரவில் கடிக்கும் அதன் பற்கள் மிகச் சிறியவை. கொசு கடித்ததுபோன்ற உணர்வுகூட இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுகிறார். செரிமானக் கோளாறு என்று வீட்டார் ஓமநீர் கொடுக்கின்றனர். சற்று நேரத்தில் இமைகள் திறக்க மறுக்கின்றன. இதன் நஞ்சு நரம்பின் நுனியையே சிதைத்துவிடுவதால், காலம் தாழ்ந்த பின் கொடுக்கப்படும் மருந்து நடந்த அழிவை மீட்பதில்லை. நரம்பு நுனி மீண்டும் வளரும்வரை, நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ, செயற்கை மூச்சுக்கருவி அவருக்காக மூச்சு விடவேண்டும்.

விரியன்கள் வேறு வழியில் செல்கின்றன. கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியை உறையச் செய்யும் பொருள்களை நாளங்களுக்குள்ளேயே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. அதன்பின் சிறு கீறலும் நிற்காத குருதிப்பெருக்காகிறது, ஈறுகளிலும் சிறுநீரிலும் குருதி கசிகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது. இதனைக் கண்டறிய மருத்துவர் செய்யும் ஆய்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. தூய்மையான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார். பின்னர்க் குழாயைச் சாய்க்கிறார். குருதி உறையாமல் நீர்போல் ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். பெரிய ஆய்வகம் வேண்டா. ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும்.

2000ஆம் ஆண்டு முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் 15 வயது நிரம்பாத சிறுவர். பாதிக்கு அருகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டோர், அதாவது குடும்பத்தின் உழைப்பைத் தாங்கி நிற்பவர்கள். பெரும்பாலோர் இறந்தது மருத்துவமனையில் அன்று. சிற்றூர்களில், தம் வீடுகளில்.

வைத்தியரின் வெற்றி

வீட்டில் இறந்தோர் பலரும் மருத்துவமே நாடாதவர்கள் அல்லர். மந்திரிப்பவரிடமோ, பச்சிலை தருபவரிடமோ முதலில் சென்று பொழுதை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. இதனை அறியாமை என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுவது எளிது; ஆயினும் அது உண்மையை விளக்காது. ஊர்ப்பச்சிலை வைத்தியரிடம் சென்றவர்களுள் மிகப் பலர் பிழைத்திருக்கின்றனர் என்பதே மக்களின் நம்பிக்கைக்கு வேர். அவர்கள் கண்ணால் கண்டதையே நம்பினர்.

அவர்கள் காணாதது ஒன்றுண்டு. கடிக்கும் பாம்புகளுள் பெரும்பான்மை நஞ்சற்றவை. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தால் பல்தடம் மட்டுமே மிஞ்சும். கட்டுவிரியனைப்போலவே வரிகள் கொண்ட வெள்ளிக்கோல் வரையன் நஞ்சற்றது. கடித்தவரின் பிணம் எரியும் புகையைக் காணச் சுடுகாட்டு மரத்தில் ஏறி அமரும் என்று கதை கட்டப்பட்ட கொம்பேறிமூக்கனும் மனிதரைக் கொல்லும் ஆற்றல் அற்றதே. இவை தவிர, நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடித்துவிட்டுச் செல்வதுண்டு. மருத்துவர்கள் இதனை வெற்றுக்கடி என்பர். இத்தனை பேரும் எந்த இலையை மென்றிருந்தாலும், எதையும் மெல்லாதிருந்தாலும் பிழைத்திருப்பர். பத்துப்பேரில் ஏழெட்டுப் பேரைப் பிழைக்க வைத்தவர் என்ற பெயர் இவ்வாறே ஒருவருக்குக் கிடைக்கிறது. இறந்த ஓரிருவரைப் பற்றிக் கேட்டால், 'தாமதமாகக் கொண்டுவந்தார்கள்' என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது.

வேப்பிலையை மெல்லச் சொல்லி, கசந்தால் நஞ்சு இல்லை, கசக்காவிட்டால் நஞ்சு உண்டு என்று முடிவுகட்டும் வழக்கம் இன்னும் மறையவில்லை. நஞ்சு நாவின் சுவையை அளந்துகொண்டு உடலில் பரவுவதில்லை. அந்தச் சோதனையால் கழிவது நேரம் மட்டுமே.

மரபு மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் முயற்சி புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சோழமண்டலக் கரையோரம் இருந்த பேட்ரிக் ரசல் என்னும் மருத்துவர், பாம்புகளைத் திரட்டி ஆராய்ந்து 1796இல் நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியன் ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அக்காலத்தில் பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்தது 'தஞ்சாவூர் மாத்திரை'. அதனை ஆராய்ந்த ரசல், அதன் முதன்மைச் சரக்கு ஆர்சனிக் என்று கண்டார். சித்த மருத்துவர் பாடாணம் என்று குறிக்கும் நச்சுப்பொருள்களில் பலவற்றின் உள்ளுறை அதுவே. நஞ்சை நஞ்சால் முறிப்பது என்னும் கருத்து அம்மாத்திரையில் இருந்தது. பாம்பின் நஞ்சை முறிக்கும் பொருள்தான் இல்லை.

சர்ப்பகந்தா என்னும் செடியின் கதை இன்னும் நுட்பமானது. பெயரிலேயே பாம்பைச் சுமந்த அதன் வேரைப் பாம்புக்கடிக்கும் மனப்பிறழ்ச்சிக்கும் கொடுத்துவந்தனர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அவ்வேர் குருதியழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்டதை இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்னும் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பாம்புக்கடிக்கு என்று முன்னோர் காத்துவைத்த வேர், உயர் குருதியழுத்தத்திற்கான மருந்தாக உலகெங்கும் சென்றது. மரபு சுட்டிய செடியில் பொருள் இருந்தது. மரபு சொன்ன நோய்க்கு அன்று.

முழங்கைக்குப் பின்னால் ஒரு நூல்

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் கண்ட நாடு சீனம். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்பவர் திடீர் நோய்களுக்கான மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்தார். அங்கியின் அகன்ற கைப்பகுதிக்குள், முழங்கைக்குப் பின்னால் செருகி எடுத்துச் செல்லத்தக்க சிறுநூல் என்பது அதன் பெயரிலேயே உள்ளது. மருத்துவரைத் தேடிச் செல்ல நேரமில்லாதபோது கையிலிருக்கும் செடியைக்கொண்டு என்ன செய்வது என்பதே அதன் நோக்கம். பண்டைய உலகின் அவசர சிகிச்சைக் கையேடுகளுள் ஒன்று என்று அதனைச் சொல்லலாம்.

1967ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து காணும் மறைமுகத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1969இல் அப்பணியில் ஒரு குழுவுக்குத் தலைமையேற்ற தூ யூயூ, பழைய ஏடுகளிலும் நாட்டு மருத்துவர்களிடமும் இருந்து 2,000க்கும் மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டினார். சிங்காவ் என்னும் செடியின் சாறு தொடக்கத்தில் நல்ல பயன் காட்டியது, பின்னர் ஏமாற்றியது. ஏன் என்று தெரியாமல் மீண்டும் கே ஹோங்கின் நூலைப் படித்தபோது ஒரு சிறு செய்தி அவர் கருத்தில் பட்டது. செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கவேண்டும் என்று அங்கே கூறப்பட்டிருந்தது. கொதிக்க வைக்கும்படி கூறப்படவில்லை. கொதியினால் மருந்துப்பொருள் கெடுகிறதோ என்று எண்ணிய அவர், ஏறத்தாழ 35 பாகை வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக்கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971 அக்டோபரில் 191ஆம் மாதிரி, எலிகளின் உடலிலிருந்த ஒட்டுண்ணிகளை முற்றாக ஒழித்தது. மறு ஆண்டு நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமும் தம் குழுவினரும் அதனை உட்கொண்டு பார்த்தனர். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பரிசைவிடப் பெரிய செய்தி வேறொன்று. அச்செடிப் பொருளிலிருந்து உருவான ஆர்ட்டிசுனேட் என்னும் ஊசிமருந்தையும், அதுவரை கடுமையான மலேரியாவுக்குத் தரப்பட்ட குயினைனையும் இந்தியா, வங்காளதேசம், மியான்மர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2005இல் முடிவு வெளிவந்தது. குயினைன் பெற்றோரில் நூற்றுக்கு 22 பேரும், ஆர்ட்டிசுனேட் பெற்றோரில் 15 பேரும் இறந்திருந்தனர். நினைவிழந்து கிடக்கும் மலேரியா நோயாளிக்கு இன்று உலகெங்கும் முதலில் ஏற்றப்படுவது அந்த ஊசியே. தீவிர சிகிச்சைக்குள் ஒரு பழைய ஏடு நுழைந்த வழி இது. போற்றிப் பாடியதனால் நுழையவில்லை. எண்ணிப் பார்த்ததனால் நுழைந்தது.

பாடாணமும் அங்கே மறுவாழ்வு பெற்றது. 1970களில் ஆர்பின் நகர மருத்துவர் சாங் திங்தோங், நாட்டு மருந்தொன்றில் இருந்த சரக்குகளைத் தனித்தனியே ஆராய்ந்து, குருதிப் புற்றுநோயின் ஒரு கொடிய வகைக்கு அதிலிருந்த ஆர்சனிக்கே பயன் தருகிறது என்று கண்டார். குருதிப்பெருக்கால் சில நாள்களிலேயே உயிரைப் பறித்துவந்த அந்நோயிலிருந்து இன்று மிகப் பெரும்பாலோர் மீள்கின்றனர். தஞ்சாவூர் மாத்திரையில் பயனற்றிருந்த அதே பொருள்!

அண்மைக்கால எடுத்துக்காட்டும் உண்டு. நோய்த்தொற்று குருதி வழியே உடலெங்கும் பரவி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலைக்குச் சீன மருத்துவமனைகளில் சுவேபிச்சிங் என்னும் ஐந்து மூலிகை ஊசிமருந்து வழங்கப்படுகிறது. 1,817 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. நுண்ணுயிர்க்கொல்லி முதலிய வழக்கமான சிகிச்சைகளுடன் அதனையும் பெற்றோரில் 28 நாள்களுக்குள் இறந்தவர் 18.8 விழுக்காடு, பெறாதோரில் 26.1 விழுக்காடு. ஆய்வு ஒரே நாட்டில் நடந்தது. பிற நாடுகளிலும் இவ்வாறே அமையுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். இங்குக் கவனிக்கத்தக்கது 'உடன்' என்னும் சொல். எந்த நோயாளியிடமிருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி பறிக்கப்படவில்லை.

சீனத்திலிருந்தே எதிர்ப்பாடமும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. ஒரு மூலிகைக்கு மாற்றாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி தவறுதலாகக் கலந்ததே காரணம். அவ்வினத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குவது. அந்தச் செடியின் உறவினம் தமிழ்நாட்டு வேலிகளிலும் படர்கிறது. ஈச்சுரமூலி என்றும் கருடக்கொடி என்றும் பெயர்பெற்ற அது, நாட்டு வைத்தியத்தில் பாம்புக்கடிக்கென்றே கொடுக்கப்பட்டுவந்தது. கண்ணாடி விரியனின் நஞ்சால் தவிக்கும் சிறுநீரகத்தின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது என்ன மருத்துவம்?

குதிரையின் குருதியும் இருளரின் கையும்

பாம்பின் நஞ்சை முறிக்கும் பொருள் இறுதியில் செடியிலிருந்து கிடைக்கவில்லை, குருதியிலிருந்து கிடைத்தது. சைகோன் நகரில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளையை 1891இல் நிறுவிய ஆல்பெர்ட் கால்மெட், அங்கே நாகம் கடித்து இறந்தோரைக் கண்டு இவ்வாய்வில் இறங்கினார். விலங்குக்கு மிகச் சிறிதளவு நஞ்சைச் செலுத்தி அளவைப் படிப்படியாக உயர்த்தினால், அதன் குருதியில் அந்நஞ்சைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. 1894இல் அவரும், பாரிசில் பிசாலிக்ஸ், பெர்த்திராண்டு ஆகியோரும் தனித்தனியே இதனை அறிவித்தனர். ஒரு பாம்பின் நஞ்சுக்குச் செய்த மருந்து மற்றொன்றை முறிக்காது என்பதைப் பிரேசில் நாட்டு மருத்துவர் விட்டல் பிரேசில் பின்னர் நிறுவினார். அதனால்தான் இந்தியாவில் நான்கு பாம்புகளின் நஞ்சையும் குதிரைகளுக்குச் செலுத்திப் பெறும் கூட்டு மருந்து தயாரிக்கப்படுகிறது.

அந்த நஞ்சின் பெரும்பகுதி வருவது தமிழ்நாட்டிலிருந்தே. செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் பாம்புத்தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தடைகளும் அவ்வாழ்வை முடிவுக்குக் கொண்டுவந்தன. பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்குகிறது. தடம் பார்த்துப் பாம்பின் வளையைக் கண்டறியும் அறிவு இருளருக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. தலைமுறைகள் கடந்து கண்ணிலும் கையிலும் தங்கியது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. மரபறிவும் நவீன மருத்துவமும் கைகோக்கும் இடத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் மூலிகைத் தோட்டத்திலேயே நின்றுவிடுகின்றனர். உண்மையில் அவை மிக இறுகக் கைகோத்திருப்பது இந்தச் சங்கத்தின் பாம்புப் பானைகளருகே.

மருந்தின் கணக்கும் அறியத்தக்கது. ஒரு புட்டியைக் கரைத்தால் 10 மில்லிலிட்டர் மருந்து கிடைக்கும். ஒரு மில்லிலிட்டர், கண்ணாடி விரியனின் நஞ்சில் 0.6 மில்லிகிராம் அளவை முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் சராசரியாகச் செலுத்துவது ஏறத்தாழ 63 மில்லிகிராம். ஆகவே தொடக்கத்திலேயே பத்துப் புட்டிவரை தேவைப்படுகிறது. சிறு குழந்தைக்கும் அளவு குறைக்கப்படுவதில்லை. குழந்தை என்பதற்காகப் பாம்பு குறைவாகக் கடிப்பதில்லை அல்லவா?

இம்மருந்துக்கும் குறைகள் உண்டு. குதிரையின் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனை உடனே கவனிக்கும் மருத்துவரும் அட்ரினலின் ஊசியும் அருகில் இருக்கவேண்டும். ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபடுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் காட்டியுள்ளனர். தென்காசி மாவட்டத்தின் மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரில் வாழும் குழிவிரியன்களின் கடிக்கு இந்தக் கூட்டு மருந்து பயன்படுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

பாம்பு கடித்தவரை ஓடவோ நடக்கவோ விடலாகாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குச் செய்வதுபோல் குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டவேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் முதலியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மண்ணோ சாறோ பூசுதல் ஆகியவை கூடா. பாம்பைத் தேடிப் பிடிக்க முயல்வது இரண்டாவது கடிக்கே வழிவகுக்கும். 108 ஊர்தியை அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இருவேறு காலங்கள்

சங்கன், பதுமன் வழக்கு ஓருடலில் இரு பாதியாகத் தீர்ந்ததைக் காட்டி, இரு மருத்துவங்களும் அவ்வாறே சரிபாதியாக இணையட்டும் என்று மேடைகளில் பேசிவிடலாம். நோயாளியின் உடல் அப்படிப் பங்கிட இடந்தருவதில்லை. கடிபட்ட முதல் சில மணி நேரம் முழுவதும் நஞ்சுமுறி மருந்துக்கும் மூச்சுக்கருவிக்கும் உரியது. அங்கே இரண்டாவது கருத்துக்கு வேலையில்லை. சித்த மருத்துவக் கல்லூரிகளிலும் நஞ்சு மருத்துவம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்கிவருகிறது. அவர்கள் ஆராயவேண்டியது வேறொரு காலம். பாம்புக்கடியால் இறப்போரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கினர் உறுப்பிழப்பு முதலிய நிலைத்த குறைபாடுகளுடன் எஞ்சுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆறாத புண், விறைத்த மூட்டு, இரவில் உறக்கம் கலைக்கும் அச்சம் ஆகியவற்றோடு அவர்கள் மீண்டும் களையெடுக்கச் செல்கின்றனர். அந்த நீண்ட மாதங்களில் எந்த எண்ணெய், எந்தப் பூச்சு உண்மையிலேயே பயன் தருகிறது என்பதைத் தூ யூயூ எண்ணியதுபோல் எண்ணிப் பார்க்கப் போதிய இடம் இருக்கிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகக் காண்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். பாம்புக்கடியில் நான்காமவரே முதல்வராகிறார். கடிபட்டவரை எந்தத் திசையில் தூக்கிச் செல்வது என்று முடிவெடுப்பவர் அவர்தாம். அவர் பெரும்பாலும் பக்கத்து வயல்காரராகவோ, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையாகவோ இருக்கிறார்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடி நச்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்க இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் வரும் கடிகளைக் கணக்கில் சேர்க்கவேண்டும். எந்த ஊருக்கு எத்தனை புட்டி வேண்டும் என்பது அதிலிருந்து தெரியவரும்.

உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கப்பட்டிருப்பதால் அம்மருந்தைச் சிற்றூர் மருத்துவமனையிலும் வைத்திருக்க முடிகிறது. அதன் தொடக்கம் வடநெம்மேலியில் மணல் பரப்பிய ஒரு மண்பானை. இருளர் பிடித்துவந்த பாம்பு அப்பானைக்குள் சில வாரம் தங்குகிறது. நான்கு முறை அதனிடம் நஞ்சு எடுக்கின்றனர். பின்னர் அதன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, புதர்க்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர்.